காது வைத்த பெட்டி

உலகத்தில் பொருள்களைச் செய்கிறவர்கள் உண்டு, விற்கிறவர்கள் உண்டு, வாங்கிவிட்டு விழிக்கிறவர்கள் உண்டு. இவர்களுக்கு நடுவில், பொருளை யாரும் பார்த்துவிடாதபடி மறைப்பதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலையில் கரைகண்டவர் பொட்டலக்கா.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அந்தப் பெயர் அடையாள அட்டையில், அட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில், உறை மேலங்கிப் பையில் என்று அடுக்கடுக்காக உள்ளே போய்விட்டதால், வெளியே எடுத்துப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. கிடங்கில் எல்லாருக்கும் அவர் பொட்டலக்காதான். மேனேஜருக்கும்.

கிடங்கு ஊருக்கு வெளியே இருந்தது. இரண்டு விமானத்தை உள்ளே நிறுத்திவிட்டு மூன்றாவதற்கு இடம் இருக்கிறதா என்று கேட்கலாம், அவ்வளவு பெரிசு. செல்போனில் யாரோ விரலால் தொட்ட பொருள், ஒரு தட்டில் உட்கார்ந்து, ஓடும் பெல்ட்டில் ஏறி, பொட்டலக்காவின் மேசைக்கு வரும். ஒரு ஹேர்பின் வரும். பொட்டலக்கா அதை உறையில் போட்டு, உறையைப் பையில் போட்டு, பையைச் சின்ன அட்டைப்பெட்டியில் போட்டு, சின்னப் பெட்டியைப் பெரிய பெட்டியில் வைப்பார். மிச்ச இடத்தைக் கசக்கின தாளாலும் காற்றடைத்த பைகளாலும் நிரப்புவார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொல்லி வைத்தவர்கள் இந்தக் கிடங்கைப் பார்க்காமலே சொன்னார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

முன்பெல்லாம் பெட்டிகள் பல அளவில் இருந்தன. பூமியைக் காப்பாற்ற வேண்டும் என்று கம்பெனிக்கு ஒருநாள் அக்கறை பிறந்தது. வீண் செலவைக் குறைக்க முதல் படியாகப் பெட்டி அளவுகளைக் குறைத்தார்கள். பெரியது, மிகப் பெரியது என்று இரண்டே அளவு மிஞ்சியது. இரண்டாவது படியாக ஒவ்வொரு பார்சலிலும், 'தாளை வீணாக்காதீர்கள்' என்று பளபளப்பான கெட்டித் தாளில் அச்சடித்த துண்டறிக்கை ஒன்றை வைக்கச் சொன்னார்கள். அது கசங்கிவிடக் கூடாது என்பதற்காக அதற்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறை வந்தது.

பொட்டலக்கா இதையெல்லாம் கேள்வி கேட்கவில்லை. கோயில் கட்டுகிறவன் சாமி இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டிருந்தால் சுவர் எழும்புமா? அவர் வேலை மூடுவது, மூடினார். அவர் மூடின பெட்டி மாடியிலிருந்து உருண்டாலும் உள்ளே இருக்கிற கண்ணாடிக் கிண்ணத்துக்குத் தூக்கம் கலையாது. இத்தனை வருஷ வேலையில் அவர் கைமேல் ஒரு குறை வந்ததில்லை.

தவிர, அவருக்கென்று ஒரு முத்திரை இருந்தது. மேல் டேப்பை ஒட்டி முடித்ததும் அதன் நுனியை உள்பக்கமாக மடித்து, சின்னக் காதுபோல நீட்டி விடுவார். இது கம்பெனி விதியில் இல்லை. ஒருநாள் அவருடைய வீட்டுக்காரர் ஒரு சோப்புப் பார்சலைப் பல்லால் திறக்கப் போய், பார்சல் அப்படியே இருக்கப் பல் மட்டும் ஆட்டம் கண்டது. அன்றைக்கு உதித்த ஞானம் அது. பெட்டிக்குக் காது இருந்தால், பிடித்து இழுத்தால் போதும், சொன்ன பேச்சைக் கேட்கும்.

இந்தப் பெருமைக்கெல்லாம் அடியில் ஒரு பயம் இருந்தது. கிடங்கில் ஒரு விதி: யார் கைமேல் ஒரு குறை பதிவானாலும் அந்தக் கை கீழ்த்தளத்துக்குப் போக வேண்டும். கீழ்த்தளம் என்பது திரும்பி வந்த சரக்குப் பிரிவு. ஜன்னல் கிடையாது, தூசி உண்டு, பரிசு கிடையாது, தும்மல் உண்டு. அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்தப் பிரிவுக்குத் தலைவி பொட்டலக்காவின் நாத்தனார்.

வீட்டுக்காரருடைய கூடப்பிறந்த அக்கா. குறை கண்டுபிடிப்பது அவருக்குத் தொழிலாவதற்கு முன்பே பழக்கமாக இருந்தது. பொட்டலக்கா கல்யாணமாகி வந்த புதிதில் போட்டுக் கொடுத்த டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "டீ நல்லாத்தான் இருக்கு. டம்ளர்தான் சரியில்ல" என்றார். அந்த டம்ளர் அவர் கொடுத்த கல்யாணப் பரிசு. அன்றிலிருந்து நாத்தனாருக்குக் கீழே வேலை பார்க்காமல் ஓய்வு பெறுவது ஒன்றையே பொட்டலக்கா வாழ்க்கையின் லட்சியமாக வைத்திருந்தார்.

அப்படி இருக்கையில்தான் அந்தக் கட்டர் வந்தது.

விரல் நீளத்தில் மஞ்சள் கட்டர். பார்சல் பிரிப்பதற்கென்றே செய்தது. டேப்பை மட்டும் வெட்டும், விரலையோ துணியையோ தொடாது என்று அதன் அட்டையில் போட்டிருந்தது. பார்சல் பிரிக்கும் கருவியையே பார்சலில் அனுப்புவது பற்றிப் பொட்டலக்கா ஒன்றும் நினைக்கவில்லை. நினைக்க நேரமில்லை, உறை கிழிந்திருந்தது. கிழிந்த உறையோடு எதுவும் வெளியே போகக் கூடாது என்பது விதி. எனவே கட்டரை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். புது உறை எடுத்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மேசைக்காரி, தன் மாமியார் குளியலறையில் வழுக்கி விழப்போய் விழாமல் தப்பித்த கதையைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"விழலியா?"

"விழலக்கா. அதுதான் கதையே."

கதையின் சோகத்தில் கை தானாக வேலை செய்தது. உறை பைக்குள் போனது. பை சின்னப் பெட்டிக்குள் போனது. சின்னப் பெட்டியைச் சுற்றி வண்ண மெல்லிய தாள் பூவாக விரிந்தது. நன்றி அட்டை, துண்டறிக்கை, கசக்கின தாள், காற்றுப்பை, டேப், காது. பார்சல் பெல்ட்டில் ஏறிப் போய்விட்டது. உறைக்கு உறை, அதற்கும் உறை என்று எல்லாம் ஒழுங்காகப் போயின. கட்டர் மட்டும் போகவில்லை.

அது மேசையில் கிடந்தது. தன்னுடைய கட்டர் என்று நினைத்து அன்று முழுக்க அதை வைத்தே பொட்டலக்கா டேப் வெட்டினார். 'இன்னிக்கு என்ன இப்படி வெண்ணெய் மாதிரி வெட்டுது' என்று இடையில் ஒருமுறை தன் கைத்திறமையையே மெச்சிக்கொண்டார். வேலை முடிந்து மணி அடித்ததும் கட்டரை மேலங்கிப் பைக்குள் போட்டபோது, ஏற்கெனவே அங்கிருந்த பழைய கட்டர் அதன்மேல் 'டக்' என்று இடித்தது.

பொட்டலக்கா இரண்டையும் வெளியே எடுத்துப் பார்த்தார். எந்தப் பார்சல் என்று அவருக்குத் தெரியும். முகவரி நினைவிருந்தது, ஏனென்றால் அது வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கும் கட்டடம். மூன்றாவது மாடி. வெறும் உறைகளை மட்டும் அனுப்பியிருக்கிறார். வாங்கினவர் பிரித்துப் பார்ப்பார், குறை எழுதுவார், குறை வரும், கீழ்த்தளம் வரும், டம்ளர் வரும்.

வாசலில் காவலாளி எல்லார் பையையும் பார்த்துத்தான் விடுவான். பொட்டலக்கா இரண்டு கட்டரையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினார். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"ரெண்டு எதுக்குக்கா?"

"ஒண்ணு என்னுது. ஒண்ணு..."

"பெட்டி எங்க?"

"பெட்டி இல்ல."

"பெட்டி இல்லேன்னா அது சரக்கே இல்லக்கா. போங்க போங்க."

காவலாளியின் வேலைச் சட்டம் தெளிவானது. பெட்டியில் இருந்தால் சரக்கு; அட்டை, உறை எதுவும் இல்லாமல் அம்மணமாக இருந்தால் அது யாருடைய சொந்தப் பொருளோ. ஒரு பொருளைத் திருட வேண்டுமானால் அதை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும் என்பது அந்தக் கிடங்கில் யாருக்கும் தோன்றவில்லை என்பதற்காகக் கம்பெனி நிம்மதிப்படலாம்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட வீட்டுக்காரர் சிரிக்காமல் இருக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மூணாவது மாடி ஆடிட்டர் அம்மாவா? அந்தம்மா பார்சல் ஏத்தித்தான் லிஃப்டு மாசத்துல பாதிநாள் நிக்குது. என் பொழப்பே அவங்கனாலதான் நடக்குது."

"ஏங்க, அவங்க குறை எழுதிட்டா?"

"எழுதினா என்ன? அக்காகிட்ட நான் பேசறேன்."

"நீங்க பேசாம இருந்தாலே அவங்களுக்குக் கேட்டுடும். தயவுசெஞ்சு பேசாதீங்க."

இரண்டு நாள் கழித்துக் காலையில் மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார். கையில் செல்போனை வேதப்புத்தகம்போல் ஏந்தியிருந்தார். பொட்டலக்கா கடைசி வரிசைக்கு நகர்ந்தார்.

"நாம பொருள் அனுப்பறோம்னு யாராவது நினைச்சா, அவங்க மாறணும்," என்றார் மேனேஜர். "நாம அனுப்பறது அனுபவம். திறக்கிற அனுபவம். நேத்து ஒரு வாடிக்கையாளர் அஞ்சு நட்சத்திரம் குடுத்து எழுதியிருக்காங்க, கேளுங்க."

படித்தார். 'மிக அழகாக வந்தது. திறக்கத் திறக்கத் திறந்துகொண்டே போனது. வீட்டில் கொஞ்சம்கூட இடத்தை அடைக்கவில்லை. துடைக்க வேண்டியதில்லை, சார்ஜ் போட வேண்டியதில்லை. நான் இதுவரை வாங்கியதிலேயே தொந்தரவில்லாத பொருள் இதுதான்.'

"இந்தப் பார்சலைக் கட்டின கை யாருது தெரியுமா?"

பொட்டலக்காவின் கை அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அதைத் தேடிப் பிடித்துக் குலுக்கினார்கள். பரிசாக ஒரு கப் கொடுத்தார்கள். கப் சின்னப் பெட்டியில், சின்னப் பெட்டி மிகப் பெரிய பெட்டியில். எல்லார் முன்னாலும் அங்கேயே பிரித்துக் காட்டச் சொன்னபோது பொட்டலக்கா மேலங்கிப் பைக்குள் கையை விட்டார். புதுக் கட்டரை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் கூடவே சுமந்துகொண்டிருந்தார். இரண்டில் பழையது எது என்று தடவிக் கண்டுபிடித்து வெளியே எடுப்பதற்குள் வேர்த்து ஒழுகிவிட்டது. "எவ்வளவு உணர்ச்சிவசப்படறாங்க பாருங்க" என்றார் மேனேஜர்.

அத்தோடு விட்டிருக்கலாம். மேனேஜர் விடவில்லை.

"சனிக்கிழமை நானும் அக்காவும் அந்த வாடிக்கையாளர் வீட்டுக்குப் போறோம். அவங்க அந்தக் கட்டரைக் கையில பிடிச்சமாதிரி ஒரு போட்டோ. பெருசா பிரேம் போட்டு இங்க மாட்டறோம்."

வராத குறையைவிட வந்த பாராட்டு பயங்கரமானது என்பது பொட்டலக்காவுக்கு அப்போது விளங்கியது. இல்லாத கட்டரை அந்தம்மா எப்படிக் கையில் பிடிப்பார்?

வெள்ளிக்கிழமை பொட்டலக்காவுக்கு விடுமுறை. அந்தக் கட்டடத்து லிஃப்டும் வழக்கம்போல நின்றிருந்தது. வீட்டுக்காரர் ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டார். டார்ச் பிடிக்க ஆள் என்று பொட்டலக்காவையும் கூட்டிக்கொண்டார். விடுமுறையிலும் கட்டர் இருந்த மேலங்கியை அவர் மாட்டிக்கொண்டார். லிஃப்டுக்குள் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் மிகப் பெரிய பெட்டி ஒன்று சிக்கியிருந்தது. அதை விடுவித்து, மாடி ஏற்றி, மூன்றாவது மாடி மணியை அடித்தார்கள்.

கதவு முழுசாகத் திறக்கவில்லை. உள்ளே இடமில்லை. திறந்த அளவுக்கு ஒரு முகம் தெரிந்தது.

"லிஃப்டுக்காரரா? வாங்க. ஒருபக்கமா திரும்பி வாங்க, நேரா வந்தா விழுந்துடும்."

ஆடிட்டர் அம்மா நாற்பது தாண்டியவர். பெரிய பெரிய கம்பெனிகளில் எங்கே எது வீணாகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது அவர் தொழில்; வீட்டிலிருந்தே பார்க்கிறார். அந்த வீட்டில் சுவர்கள் இருந்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிந்தது தரையிலிருந்து கூரைவரை பெட்டிகள். நடுவில் ஓர் ஒற்றையடிப் பாதை அடுப்படிக்குப் போனது, ஒரு கிளைப்பாதை படுக்கையறைக்குப் போனது. ஆளரவம் இல்லாத காட்டில் வழிதவறியவர்களுக்குத் தெரிவதுபோல் தூரத்தில் ஒரு விளக்கு தெரிந்தது.

"உக்காருங்க. அந்தப் பெட்டிமேல வேண்டாம், அது சத்தம் போடுது. இந்தாங்க, இது உறுதி."

பொட்டலக்கா உறுதியின்மேல் உட்கார்ந்தார். "இதெல்லாம் பிரிக்கலியாம்மா?"

"எங்க பிரிக்கறது? கத்தி வெச்சுக் கிழிச்சேன். உள்ள இருந்த திரைச்சீலையும் சேர்ந்து கிழிஞ்சுது. கத்திரி வெச்சேன், கத்திரி ஒடைஞ்சுது. புதுக் கத்திரி ஆர்டர் பண்ணினேன், அதோ, கீழருந்து நாலாவது, அதைப் பிரிக்கக் கத்திரி வேணும். சரின்னு பார்சல் பிரிக்கிற கட்டரே ஒண்ணு ஆர்டர் பண்ணியிருக்கேன். அது வந்ததும் எல்லாத்தையும் பிரிச்சுடலாம்னு காத்துக்கிட்டிருக்கேன். இன்னும் வரல."

பொட்டலக்கா மேலங்கிப் பையைக் கையால் மூடிக்கொண்டார். வீட்டுக்காரர் லிஃப்டைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

"இத்தனை எதுக்கும்மா வாங்கறீங்க?"

"அதுதான் எனக்கே புரியல. ஆர்டர் பண்றப்போ அது விளக்கு. வாசலுக்கு வர்றப்போ அது பெட்டி." ஆடிட்டர் அம்மா பெருமூச்சு விட்டார். உடனே முகம் மலர்ந்தது. "ஆனா இதைப் பாருங்க. இது ஒண்ணுதான் உருப்படியா வந்தது."

மேசைமேல், விளக்கடியில், அந்தப் பெட்டி திறந்து வைக்கப்பட்டிருந்தது. வண்ணத் தாள் பூவாக விரிந்திருந்தது. நடுவில் சின்னப் பெட்டி, அதற்குள் பை, பைக்குள் உறை.

"இதுக்குக் காது இருந்துச்சு. இழுத்தேன், திறந்துக்கிச்சு. உள்ள ஒரு பெட்டி, அதுக்குள்ள ஒரு பை, அதுக்குள்ள ஒரு உறை. உறைக்குள்ள என்னன்னு பாத்தா, ஒண்ணுமில்ல. எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? என்ன ஆர்டர் பண்ணினேன்னு ஞாபகம் இல்ல. ஏதோ அலங்காரச் சாமானா இருக்கும். யாரோ ரசிச்சுப் பண்ணியிருக்காங்க."

பொட்டலக்கா பல மேடைகளில் பரிசு வாங்கியவரில்லை. வாங்கின ஒன்றும் நேற்றுத்தான். ஆனால் தன் வேலையை இப்படி ஒருவர் விளக்கடியில் வைத்துப் பார்ப்பது அவருக்குப் புதிது. அவர் மூடின பெட்டி போய்ச் சேர்ந்த வீட்டை அன்றைக்குத்தான் முதல்தடவையாகப் பார்த்தார். இத்தனை நாளும் அவரைப் பொறுத்தவரை பெட்டிகள் பெல்ட்டின் முனையில் ஒரு ஓட்டைக்குள் விழுந்து மறைந்தன. கிடங்கில் மற்ற மேசைக்காரர்கள் கட்டின பெட்டிகளெல்லாம் ஒரே வீட்டில்தான் வந்து சேர்ந்தனவோ என்று இப்போது சந்தேகமாக இருந்தது.

மெல்ல உறைக்குள் கட்டரை நழுவவிட்டு ஓடிவிடலாம் என்பதுதான் திட்டம். விளக்கு வெளிச்சத்தில் அந்தத் திட்டம் செத்தது. மேலங்கிப் பையில் கை போனது. மஞ்சள் கட்டர் வெளியே வந்தது.

"அம்மா, எங்கிட்ட ஒண்ணு இருக்கு. பிரிச்சுப் பாத்துடலாமா?"

முதல் பெட்டியின் டேப்பில் கட்டர் சர்ரென்று ஓடியது. வாழ்நாளெல்லாம் மூடின கை, பரிசுப் பெட்டியை விட்டால், முதல்முறையாகத் திறக்கிறது. உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் ஒரு பெட்டிமுன் நிற்பது எப்படிப்பட்ட சுகம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"என்ன இருக்கு, என்ன இருக்கு?" என்று ஆடிட்டர் அம்மா எட்டிப் பார்த்தார். வாங்கினவருக்கும் தெரியாது.

விளக்கு வந்தது. அடுத்ததில் அதே விளக்கு வந்தது. அதற்கடுத்ததில், அதே விளக்கு கிடைக்காதோ என்ற பயத்தில் வாங்கின வேறு விளக்கு வந்தது. காலுறைகளை நிறவாரியாக அடுக்கும் தட்டு வந்தது, காலுறை வரவில்லை. வாழைப்பழத்தை மட்டும் நறுக்கும் கருவி வந்தது. வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி வாழைப்பழத்தை எப்படிச் சாப்பிட்டோம்?"

"வாயிலதான்."

"எப்படித்தான் சமாளிச்சோமோ."

நடுவில் ஒரு பெரிய பெட்டியைப் பிரித்தால் உள்ளே மடக்கின காலிப் பெட்டிகள். சாமான்களைப் போட்டு வைக்க இடமில்லையே என்று வாங்கினவை. கீழிருந்து நாலாவதில் கத்திரி வந்தது. மூன்று பேரும் எழுந்து நின்று மரியாதை செய்யாத குறை. 'குறைவாக வாங்கி நிறைவாக வாழ்வது எப்படி' என்ற புத்தகம் இரண்டு பிரதி வந்தது. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும், தாளை வீணாக்காதீர்கள் என்ற பளபளப்பான துண்டறிக்கை வந்தது. சாயங்காலம் ஆனபோது ஜன்னல் ஒன்று தென்பட்டது. அந்த வீட்டில் ஜன்னல் இருப்பதை ஆடிட்டர் அம்மா மறந்தே போயிருந்தார்.

அவர் தரையில், தரையேதான், உட்கார்ந்து சுற்றிப் பார்த்தார்.

"இதுல எனக்கு எது வேணும்னு நினைக்கறீங்க?"

"எனக்கெப்படிம்மா தெரியும்?"

"எனக்கும் தெரியல. அப்போ எதுவும் வேண்டாம். எல்லாத்தையும் திருப்பி அனுப்பிடறேன். அந்தத் திரைச்சீலை மட்டும் இருக்கட்டும், கிழிச்சுட்டேன்." பிறகு தயங்கி, "ஆனா மறுபடி கட்டணுமே" என்றார்.

பொட்டலக்கா மேலங்கியின் கையை முழங்கைவரை மடித்தார். கட்டுவதுபற்றி அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பல பெட்டிகளை ஒன்றாக்கினார். காற்றை வெளியே விட்டார். ஒரு பெட்டிக்குள் எவ்வளவு சாமான் பிடிக்கும் என்பதை அன்றுதான் அவரே பார்த்தார். மலைபோல் வந்தது ஒரு வேன் சுமையாக அடங்கியது. கை பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் காது மடித்துவிட்டது.

கிளம்பும்போது மஞ்சள் கட்டரை மேசைமேல் வைத்தார். "இதை நீங்களே வெச்சுக்கங்கம்மா."

"அய்யய்யோ, உங்களுது."

"என்னுது வேற இருக்கு. இது உங்களுதுதான்னு வெச்சுக்கங்களேன்." வாழ்க்கையில் அவர் சொன்ன மிகப் பெரிய உண்மை அதுதான்.

சனிக்கிழமை மேனேஜர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பொட்டலக்கா அவருக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றார். கதவு முழுசாகத் திறந்தது. வீடு ஜோராக, காலியாக இருந்தது. பெட்டிகளை முதல்நாளே வேன் வந்து ஏற்றிப் போயிருந்தது.

"அட, நேத்து வந்தவங்க," என்றார் ஆடிட்டர் அம்மா, பொட்டலக்காவைப் பார்த்து.

"லிஃப்டுக்கு டார்ச் பிடிக்க வந்தேன் சார்," என்றார் பொட்டலக்கா அவசரமாக. அதில் பொய் ஒன்றும் இல்லை.

மேனேஜருக்கு லிஃப்டில் அக்கறை இல்லை. "மேடம், எங்க பொருளைக் கொஞ்சம் கையில பிடிங்க."

ஆடிட்டர் அம்மா ஓடிப்போய், பூ விரிந்த பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். மேனேஜர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"பெட்டி சரி மேடம். உள்ள இருந்தது?" கண்ணைச் சுழற்றினார். மேசைமேல் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. "அதோ, கட்டர் அங்க இருக்கே. அதையும் பிடிச்சுக்கங்க."

"இதுவா? இது இவங்க குடுத்தது."

ஓய்வு பெறும் லட்சியம் பொட்டலக்காவின் கண்முன் ஒரு டம்ளருக்குள் மூழ்கியது.

மேனேஜர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஆமா மேடம். ஒவ்வொரு பொருளையும் இவங்க தன் கையாலயே குடுக்கறமாதிரி நீங்க உணர்றீங்க பாருங்க, அதுதான் எங்க கம்பெனி." அப்படியே போட்டோ எடுத்தார்.

அந்தப் போட்டோ இன்றைக்கும் கிடங்கின் நுழைவாசலில் மாட்டியிருக்கிறது. ஒரு கையில் ஒன்றுமில்லாத பெட்டி, இன்னொரு கையில் பெட்டியில்லாத பொருள். இரண்டில் எதற்கு அந்த ஐந்து நட்சத்திரம் என்று அறிந்தவர்கள் அந்தக் கிடங்கில் வெகு சிலரே.

அவர்களில் ஒருவர் திங்கட்கிழமை படியேறி வந்தார். நாத்தனார் கீழ்த்தளத்தைவிட்டு மேலே வருவது அமாவாசையன்று நிலா வருவது மாதிரி. கையில் ஒரு பெட்டி மூடி இருந்தது. அதைப் பொட்டலக்காவின் மேசைமேல் போட்டார். மூடியில் ஒரு காது நிமிர்ந்து நின்றது.

"ஒரே வீட்டுலருந்து ஒரு வேன் சரக்கு திரும்பி வந்திருக்கு. வாங்கினவங்க கட்டி அனுப்பினதாம். எல்லாத்துக்கும் காது. அந்த ஊர்ல எல்லாருமே காது மடிப்பாங்களோ?"

பக்கத்து மேசைக்காரி மாமியார் கதையைப் பாதியில் நிறுத்தினாள்.

பொட்டலக்கா நாத்தனாரை ஓர் ஓரமாகக் கூட்டிப்போய், உறை கிழிந்ததிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் உறைபோட்டு மூடவில்லை. சொல்லி முடித்ததும், "எழுதிடுங்க அண்ணி. குறைன்னா குறைதானே" என்றார்.

நாத்தனார் வெகுநேரம் அந்தக் காதைப் பிடித்து மடக்குவதும் நிமிர்த்துவதுமாக இருந்தார்.

"குறை எழுத வேண்டியது வாங்கினவங்க. அவங்க அஞ்சு நட்சத்திரம் எழுதியிருக்காங்க. நான் யாரு நடுவுல?" என்றார். "அதுவும் குறை எழுதினா நீ எங்கிட்ட வருவே. அது உனக்குத் தண்டனையா எனக்குத் தண்டனையா? அதை முதல்ல சொல்லு."

"உங்க தம்பிகிட்ட கேளுங்க."

"அவன் எல்லாம் சொல்லிட்டான். சனிக்கிழமையே."

பொட்டலக்கா வீட்டுக்காரரை மனதுக்குள் லிஃப்டில் பூட்டிவைத்தார்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா நினைச்சுக்காதே," என்றார் நாத்தனார். பொட்டலக்கா தப்பாக நினைத்துக்கொள்ளத் தயாரானார். "பதினஞ்சு வருஷமா பெட்டி பிரிக்கறேன். மத்தவங்க கட்டினதைப் பிரிச்சுப் பிரிச்சு என் நகமெல்லாம் போச்சு. உன் பெட்டி வந்தா மட்டும் காதைப் பிடிச்சு இழுப்பேன். இன்னிக்கு ஒரு நாள் நல்லா போகும்னு நினைச்சுப்பேன்."

"ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே அண்ணி."

"சொன்னா உனக்குத் தலை கனத்துடும்."

அவர் திரும்பிப் படிப்பக்கம் நடந்தார். பொட்டலக்கா தன் மேசையைப் பார்த்தார். பெல்ட்டில் ஒரு தட்டு வந்து நின்றது; தட்டில் ஒரு ஹேர்பின் இருந்தது. பக்கத்தில் மிகப் பெரிய பெட்டி வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. வெள்ளிக்கிழமை சர்ரென்று ஓடின டேப்பின் சத்தம் காதில் கேட்டது.

"அண்ணி," என்று கூப்பிட்டார். "கீழ ஆள் வேணுமா?"

நாத்தனார் படியில் நின்றார். திரும்பவில்லை. "ஒரு வேன் சரக்கு கிடக்கு. வேணும்தான். ஆனா யாரும் தானா வந்ததில்ல இதுவரைக்கும்."

மேனேஜர் ஒப்புக்கொள்ளவே இல்லை. பரிசு வாங்கின கையைக் கீழே அனுப்பினால் போட்டோ என்ன நினைக்கும் என்றார். கடைசியில், 'திறக்கும் அனுபவத்தை மேம்படுத்தும் சிறப்புப் பொறுப்பு' என்று ஒரு பெயர் வைத்ததும் அவருக்கு மனம் ஆறியது. எதையும் ஒரு நல்ல உறையில் போட்டால் அவர் ஏற்றுக்கொள்வார்.

கீழ்த்தளத்தில் முதல் நாள் பொட்டலக்கா பழக்கதோஷத்தில் ஒரு தாளைக் கசக்கப் போனார்.

"இங்க மூடற வேலை கிடையாது," என்றார் நாத்தனார். "திற."

பொட்டலக்கா தான் மடித்த காதைத் தானே பிடித்து இழுத்தார். பெட்டி சொன்ன பேச்சைக் கேட்டது. மேலே, பளபளவென்று, உறைக்குள் அந்தத் துண்டறிக்கை கிடந்தது. நாத்தனார் அதை எடுத்து உறையை உருவி எறிந்துவிட்டு, விசிறிக்கொண்டார். ஜன்னலில்லாத அந்தத் தளத்தில் அதற்கு அப்படி ஒரு உபயோகம் இருப்பது மேலே யாருக்கும் தெரியாது. இன்னொன்றை எடுத்துப் பொட்டலக்காவிடம் நீட்டினார்.

பத்து மணிக்குப் பொட்டலக்கா டீ கொண்டுவந்தார். தன் பரிசுக் கப்பில் நாத்தனாருக்கு ஊற்றிக் கொடுத்தார். நாத்தனார் ஒரு வாய் குடித்தார். கப்பைத் தூக்கி அடியைப் பார்த்தார், பிடியைப் பார்த்தார்.

"கப்பு நல்லாருக்கு," என்றார். "டீதான்."